ஃபயர்வாலை அணைப்பது பழுது பார்ப்பது ஆகாது

பொங்கலுக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே பெங்களூரிலிருந்து ஆட்கள் பென்னாகரத்தில் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். பலர் முதுகில் லேப்டாப் பை. வீட்டில் ஏற்கெனவே ஒரு மேசைக் கணினி இருக்கும். தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று, பேட்டரி செத்துப்போன பிறகும் ஒயரைச் செருகினால் ஓடும். கல்யாண வீடியோ ஒன்றில், நிலத்துப் பத்திர நகல் ஒன்றில், அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இன்னொன்றில். மூன்றும் ஒரே வைஃபையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப் போட என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தால் அன்றைய சாயங்காலம் அதிலேயே போய்விடும். 'நெட்வொர்க்' என்று திறக்கும் பக்கம் காலியாகக் கிடக்கும். அல்லது பக்கத்து அறைக் கணினியின் பெயர் தெரியும். தொட்டதும் நீளமாக ஒரு பிழை எண் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டிலும் நின்றது. தெரிந்த டெக்னீஷியன் தம்பி ஒருவர் வந்தார். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார். "முடிஞ்சதுங்ணா. ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டேன். பாஸ்வேர்டு கேக்கறத எடுத்துட்டேன். ஃபோல்டருக்கு எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் குடுத்துட்டேன். எஸ்எம்பி ஒன்னும் ஆன் பண்ணியாச்சு. இனிமே தொந்தரவே வராது."

"இத்தனையும் திறந்து வெக்கலாமா தம்பி?"

"வீட்டுக்குள்ளதானேங்ணா, யாரு வரப்போறாங்க?"

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்த நான்கும் அவர் கண்டுபிடித்தவை இல்லை. தர்மபுரியிலும் சேலத்திலும் கணினிக் கடைகளில் கேட்டாலும் இதுதான். தமிழில் பார்த்தாலும் இந்தியில் பார்த்தாலும் யூடியூப் காணொளிகளில் இதுதான். ஃபைல் ஷேரிங் ஆகவில்லையா? ஃபயர்வாலை அணை, பாஸ்வேர்டை எடு, எல்லோருக்கும் திற, ஃபைல் பகிர்வு மொழியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ உயிர்ப்பி. இது இன்று கேள்வி கேட்கப்படாத வைத்தியமாகிவிட்டது. என் வாதம் ஒன்றுதான்: இது வைத்தியமே இல்லை. சாவியைத் தேடச் சோம்பல்பட்டுக் கதவைக் கழற்றித் திண்ணையில் சாத்திவைத்துவிட்டு, "திறந்துடுச்சு பாருங்க" என்று கூலி வாங்குவது.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "ஆனால் வேலை செய்கிறதே!" சில நேரம் செய்கிறது. ஏன் செய்யாது? நான்கு பூட்டையும் திறந்துவிட்டால், சிக்கிக்கொண்டிருந்த ஒன்றும் அதோடு சேர்ந்து திறக்கத்தான் செய்யும். எது சிக்கியிருந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. தெரியாததால் அடுத்த மாதம் மறுபடி நிற்கும். அப்போது திறப்பதற்குப் பூட்டு மிச்சமிருக்காது. அந்தக் கட்டத்தில்தான் "விண்டோஸே கரப்ட் ஆயிருக்கு, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்ற பேச்சு வரும். எங்கள் வீட்டில் அடுத்த மாதம்வரைகூடக் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே நின்றது. அந்தக் கதை பின்னால்.

பிழை எண்ணைப் படிக்காமல் மருந்து கொடுப்பது இந்த வைத்தியத்தின் முதல் குற்றம். 80070035 என்று முடிகிற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசியில் இருக்கும் 35, பதினாறு நிலை எண்முறையில் எழுதப்பட்டது. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, அதோடு ஐந்து: 53. விண்டோஸின் பிழைப் பட்டியலில் 53 என்றால் 'போகும் பாதை கிடைக்கவில்லை' என்று பொருள். அதே பட்டியலில் 5 என்றால் 'அனுமதி இல்லை'. 1326 என்றால் 'பெயரோ பாஸ்வேர்டோ தவறு'. மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

நோய் வேறு என்றால் மருந்தும் வேறாக இருக்க வேண்டும். 5-ஓ 1326-ஓ வந்தால், அடுத்த கணினி உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது என்று அர்த்தம். வாசலில் நின்று கூப்பிட்டதும் உள்ளேயிருந்து "யாருங்க?" என்று குரல் வருகிறது. குரல் வந்த பிறகு, "வழியில் சுவர் மறிக்கிறது, சுவரை இடி" என்று யாராவது கடப்பாரை எடுப்பார்களா? ஃபயர்வால் உங்களை உள்ளே விட்டதால்தான் அந்தக் கேள்வியே வந்தது. அந்த இடத்தில் அதை அணைப்பதால் வரும் லாபம் பூஜ்யம். நட்டம் மட்டும் அப்படியே தங்கும்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே புரியும். நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பைக் கெடுத்த ஊர்கள் இவை. அதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-இல் தொடங்கி, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகிறது. ஒரு தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் குழாயை உடைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, நடுவில் எங்காவது கசிகிறதா என்று வரிசையாகத்தான் பார்ப்பார்கள். அந்த நிதானம் தெரிந்த ஊருக்கு, கணினி என்றதும் மட்டும் அது மறந்துபோவானேன்?

கணினிக்கும் ஒரு வரிசை உண்டு. ஐந்து கேள்விகள் போதும். அவற்றை முறையாகக் கேட்டால், மேலே சொன்ன நான்கு வைத்தியமும் தேவைப்படும் இடம் வீட்டில் ஏறக்குறைய இல்லையென்பது தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: இரண்டும் உண்மையிலேயே ஒரே வலையில்தான் இருக்கின்றனவா? "ஒரே வைஃபைதான்" என்பது பதில் ஆகாது. ஃபைபர் இணைப்போடு வந்த மோடம் கூடத்தில் இருக்கும். உள்ளறைக்குச் சிக்னல் போதவில்லை என்று பஜாரில் வாங்கிய இன்னொரு ரூட்டரை அதோடு ஒயரில் கோத்திருப்பார்கள். இரண்டிலும் இணையம் வரும். ஆனால் இரண்டும் இரண்டு தனித் தெருக்கள். இரண்டு கணினியிலும் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் இன்னொன்றில் 192.168.0 என்றும் தொடங்கினால் விஷயம் வெளிச்சமாகிவிடும். இதற்கு ஓர் அடையாளமும் உண்டு: உள்ரூட்டரில் இருக்கும் கணினியிலிருந்து கூடத்துக் கணினியைப் பிடிக்க முடியும், கூடத்திலிருந்து உள்ளே வர முடியாது. இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக மாற்றினால் தெரு ஒன்றாகிவிடும். விருந்தாளிகளுக்கென்று ரூட்டர் தரும் 'கெஸ்ட்' வைஃபையில் ஒரு கணினி சிக்கியிருந்தாலும் இதே கதைதான். கெஸ்ட் வலையில் இருப்பவரை வீட்டுக்குள் விடாமலிருப்பதே அதன் வேலை. இந்த இரண்டு நோய்க்கும் நூறு முறை ஃபயர்வாலை அணைத்தாலும் குணம் கிடைக்காது.

இரண்டாவது: சிக்கல் பெயரிலா, பாதையிலா? நெட்வொர்க் பக்கத்தில் கணினி தெரியவில்லை என்பதால் அது இல்லையென்று ஆகாது. ஃபோல்டர் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, \\192.168.1.7 என்பதுபோல அந்தக் கணினியின் எண்ணை நேராக அடியுங்கள். திறந்துவிட்டால் பகிர்வு நன்றாகத்தான் இருக்கிறது. பெயரை அறிவிக்கும் பணி மட்டும் தூங்குகிறது. சர்வீசஸ் பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை இயக்கினால் பெயரும் வந்துவிடும்.

எஸ்எம்பி 1 மூடநம்பிக்கை பிறந்த இடமும் இதுதான். பழைய விண்டோஸ்களில் பக்கத்துக் கணினிகளின் பெயர்ப்பட்டியலைத் தொகுத்துக் கொடுத்த 'கம்ப்யூட்டர் பிரவுசர்' என்ற சேவை எஸ்எம்பி 1-இன் தோளில் உட்கார்ந்திருந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ மைக்ரோசாஃப்ட் வழக்கமான நிறுவலிலிருந்து விலக்கத் தொடங்கியது. தோள் போனதும் பட்டியலும் போனது. எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போட்டவர்களுக்குச் சில இடங்களில் பட்டியல் திரும்பி வந்தது. "பார்த்தீர்களா, அதுதான் காரணம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அழைப்பு மணி ரிப்பேர் என்பதற்காகப் பழைய வீட்டுக்கே குடிபோன கதை இது.

மூன்றாவது: இந்த வலையை உங்கள் கணினி வீடு என்று நினைக்கிறதா, பஸ் ஸ்டாண்டு என்று நினைக்கிறதா? விண்டோஸ் ஒவ்வொரு வலையையும் 'பிரைவேட்', 'பப்ளிக்' என்று இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பப்ளிக் என்று குறித்துவிட்டால் ஃபைல் பகிர்வுக்கான வாசலை ஃபயர்வால் சாத்திவிடும். புதிதாகப் பார்க்கும் வலையை, நாம் வேறு சொல்லாதவரை, விண்டோஸ் 11 பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். மோடத்தை மாற்றினால் அதன் கண்ணுக்கு அது புது வலை. "நேத்து வரைக்கும் ஓடுச்சு, புது கனெக்‌ஷன் போட்டதும் நின்னுபோச்சு" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வைஃபை அமைப்பில் போய் பிரைவேட் என்று மாற்றினால் ஃபயர்வால் தானே அந்த வாசலைத் திறந்துகொள்ளும். அது இயங்கிக்கொண்டும் இருக்கும். ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாக நினைவு வைத்திருப்பதுதான் இதன் அழகு. வீட்டில் திறந்த வாசல் பெங்களூரு விடுதியில் தானாகவே மூடிக்கொள்ளும். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்த கணினிக்கு இந்த விவேகம் போய்விடுகிறது.

நான்காவது: நீங்கள் யார் என்று அந்தக் கணினிக்குத் தெரியுமா? பெரும்பாலானவர்கள் விழும் குழி இது. தினமும் கணினியைத் திறக்க நாம் அடிக்கும் நான்கிலக்க பின், அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வலைவழியாக வந்து அதைச் சொன்னால் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர் என்றால் அந்த மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டுதான் செல்லும். அதைக் கணக்குத் தொடங்கிய அன்று அடித்ததோடு சரி, மறந்திருப்பார்கள். இன்னொரு வகையினர் பாஸ்வேர்டே வைப்பதில்லை. வெற்றுப் பாஸ்வேர்டோடு வலைவழியே வருபவரை எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் உள்ளே விடுவதில்லை. பின் எண்ணைச் சொன்னால் மறுக்கிறது, ஒன்றும் சொல்லாவிட்டாலும் மறுக்கிறது. ஆத்திரத்தில் "பாஸ்வேர்டு கேட்பதையே எடு" என்கிறோம். செய்ய வேண்டியது சின்ன வேலை: பகிரும் கணினியில் இதற்கென்று தனியாக ஒரு கணக்கு, அதற்கொரு பாஸ்வேர்டு. மற்ற கணினிகளில் ஒருமுறை அடித்து 'நினைவில் வை' என்று டிக் செய்தால் பிறகு கேட்காது. முன்பு தவறாக அடித்த பாஸ்வேர்டு 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் ஒளிந்திருக்கும். அதை நீக்கிவிட்டு வந்தால் போதும்.

ஐந்தாவது: உங்களுக்கு என்ன உரிமை? ஃபோல்டருக்கு இரண்டு அனுமதிப் பட்டியல் உண்டு. ஒன்று பகிர்வுக்கு, மற்றொன்று வட்டில் அந்த ஃபோல்டருக்கே உரியது. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். முதல் பட்டியலில் 'எவ்ரிஒன்' என்று எழுதிவிட்டு "இன்னும் திறக்கலையே" என்று தவிப்பவர்கள் இரண்டாவதைப் பார்க்காதவர்கள். அதிலும் 'ஃபுல் கன்ட்ரோல்' எதற்கு? கல்யாண வீடியோவைப் பார்க்க வருபவருக்கு அதை அழிக்கும் உரிமை எதற்கு? படிக்க மட்டும் என்று கொடுத்தால், நாளை இன்னொரு கணினியில் பணம் பறிக்கும் வைரஸ் புகுந்தாலும் அந்த வழியாக வந்து இந்த ஃபோல்டரைப் பூட்ட அதற்கு அதிகாரம் இருக்காது.

இப்போது எஸ்எம்பி 1-க்கு வருவோம். நான்கு வைத்தியத்தில் இதுதான் நஞ்சு. கணினிகள் ஃபைலைக் கேட்டு வாங்கப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012-இல் விண்டோஸ் 8-ஓடு மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டன. 2016 செப்டம்பரிலேயே, மைக்ரோசாஃப்டில் இந்த மொழிக்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல், முதல் பதிப்பைக் கைவிடுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார். கேட்டவர்கள் குறைவு.

2017 மார்ச் 14 அன்று, எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஏப்ரலில், அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவிடமிருந்து களவுபோன 'எட்டர்னல்புளூ' என்ற ஆயுதம் இணையத்தில் கொட்டப்பட்டது. அந்த ஓட்டைக்கென்றே செய்தது. மே 12 அன்று 'வானாகிரை' கிளம்பியது. யாரும் எந்த இணைப்பையும் தொட வேண்டியதில்லை. ஒரு கணினியில் புகுந்தால் அது தன் அண்டைக் கணினிகளின் 445-ஆம் வாசலைத் தட்டும். திறந்திருந்தால் அங்கும் புகும். ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்கும். சில நாட்களில் ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விழுந்தன. பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் சிக்கின. ஊராட்சி அலுவலகம் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க உளவுத்துறை ஆயுதத்துக்கும் மலையோர ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், திறந்திருந்த ஒரு வாசல்தான் சம்பந்தம்.

"எங்களிடம் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதற்கு எஸ்எம்பி 1 வேண்டாமா?" என்பார்கள். வேண்டாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதே அவற்றில் இருந்தது விண்டோஸ் 7. கூடவே பாஸ் லினக்ஸ். விண்டோஸ் 7 எஸ்எம்பி 2.1 பேசும். இன்றைய விண்டோஸ் 11-க்கும் அது புரியும். முதல் பதிப்பை விட்டால் வேறு மொழி தெரியாதவை எக்ஸ்பியும், பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய சில ஸ்கேனர், ஜெராக்ஸ் இயந்திரங்களும், வலையில் இணைக்கும் பழைய வட்டுப் பெட்டிகளும்தான். ஒரு பழைய ஜெராக்ஸ் இயந்திரத்துக்காகக் கடையின் எல்லாக் கணினியையும் அபாயத்தில் வைப்பதைவிட, ஸ்கேன் செய்ததை அதன் யுஎஸ்பி வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, "வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள்?" இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெளி இணையத்திலிருந்து அழையாமல் வருபவரை வழக்கமாக ரூட்டரே தடுத்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் இருப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வைஃபை பாஸ்வேர்டு சொல்லியிருக்கிறோம். தொலைக்காட்சி அதில் இருக்கிறது; வாங்கியதிலிருந்து ஒரு அப்டேட்டும் காணாத கேமராப் பெட்டி அதில் இருக்கிறது; மைத்துனன் மகன் எங்கிருந்தோ இறக்கிய ஓசி விளையாட்டு ஓடும் லேப்டாப்பும் அதில் இருக்கிறது. இவை எல்லாமே ரூட்டருக்கு உள்பக்கம். இவற்றுக்கும் உங்கள் பத்திர நகலுக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல், கணினியின் சொந்தப் பூட்டுகள்தான்.

மேலும் லேப்டாப் வீட்டிலேயே இருப்பதில்லை. பொங்கல் முடிந்து பெங்களூருக்குப் போகிறது. அங்கே பேயிங் கெஸ்ட் விடுதியில் நாற்பது ஐம்பது பேர் ஒரே வைஃபையில். பென்னாகரத்தில் "வீட்டுக்குள்ளதானே" என்று அணைத்த ஃபயர்வால் அங்கும் அணைந்தே இருக்கும். 'எவ்ரிஒன்' என்று எழுதிய பட்டியலில் இப்போது அந்த விடுதிக்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

வீட்டை விடுங்கள், பஜாரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளையும் பிரவுசிங் சென்டர்களையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கணினி, ஒரு பிரிண்டர், 'ஸ்கேன்' என்று ஒரு பொது ஃபோல்டர். ஊராரின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதில் மாதக்கணக்கில் கிடக்கும். அங்கும் இதே நான்கு வைத்தியம் நடந்தால், இழப்பு கடைக்காரருடையது அல்ல, நம்முடையது. அடுத்தவர் தரவை வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கதவைக் கழற்றி வைப்பதை எந்த அகராதியிலும் ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

"எல்லாம் இந்த அப்டேட்டால் வந்த வினை" என்பது அடுத்த புலம்பல். அப்டேட்டுகள் பகிர்வை நிறுத்தியிருக்கின்றன என்பது உண்மை. 2018-இல் 'ஹோம்குரூப்' என்ற வசதியையே எடுத்துவிட்டார்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு எத்தனையோ கடைகளில் பகிர்ந்த பிரிண்டர் 11பி என்று முடியும் பிழையைக் காட்டி நின்றது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகையில், வரும் ஒவ்வொரு தகவலும் கையொப்பத்தோடு வர வேண்டும் என்றும், பெயர் சொல்லாத விருந்தாளியாக எங்கும் நுழையக் கூடாது என்றும் விதி வந்தது; ரூட்டரில் செருகிய வட்டைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துகொண்டிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஒவ்வொன்றிலும் நின்றுபோனது நம் வேலை, சரி. ஆனால் ஹோம்குரூப்பைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஓர் ஓட்டையை அடைத்தது. நாம் இத்தனை நாள் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தோம். அப்டேட்டை நீக்குவதும் பதிவேட்டில் ஒரு பூஜ்யத்தைப் போட்டு அந்தக் காவலை அணைப்பதும் ஓட்டையைத் திரும்பத் தோண்டுவது. ரூட்டர் வட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, ரூட்டரின் மென்பொருளையும் புதுப்பித்தால் பெரும்பாலும் நேர்வழியிலேயே போய்வரலாம். விண்டோஸின்மீது எனக்கும் மனத்தாங்கல் உண்டு: எந்தப் பூட்டு மூடியிருக்கிறது என்று வாய்திறந்து சொல்லாமல் எண்ணை வீசுகிறது. அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, "இத்தனை பாடு எதற்கு? கூகுள் டிரைவில் போடு, வாட்ஸ்அப்பில் அனுப்பு" என்பவர்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதில்தான் மின்னஞ்சலும் புகைப்படமும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலுக்கு உச்சவரம்பு 2 ஜிபி. கல்யாண வீடியோ 40 ஜிபி என்று வையுங்கள். பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், ஏற்ற மட்டும் ஏறக்குறைய நான்கரை மணி நேரம். அடுத்த அறையில் இருப்பவர் அதைத் திரும்ப இறக்க வேண்டும். பத்தடி தூரத்துக்கு ஒரு ஃபைல் கடல் தாண்டிப் போய் வருகிறது. அதையே கிகாபிட் ஒயரில், வட்டு ஈடுகொடுத்தால், ஏழெட்டு நிமிடத்தில் முடிக்கலாம். இன்னொன்று: வைஃபையும் இணையமும் ஒன்று என்று நினைக்கிறோம். எங்கோ சாலையோரத்தில் ஃபைபர் அறுந்து "நெட் போச்சு" என்ற நாளிலும் ரூட்டருக்கு மின்சாரம் இருந்தால் வீட்டுக்குள் பகிர்வு ஓடும். ஒரே ஒருமுறை, ஒரே ஒரு ஃபைல் என்றால் பென்டிரைவ் போதும், மறுக்கவில்லை. தினமும் மூன்று பேர் எடுத்துப் போடும் வீட்டுக்கு அது போதாது.

"இதெல்லாம் நமக்குப் புரியாத சமாச்சாரம்" என்ற தயக்கம் ஒன்று மிச்சமிருக்கிறது. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது ஒயரில் என்ன ஓடுகிறது என்று கவனித்துக் கவனித்தே அந்த மொழியைக் கற்று, அதைப் பேசும் மென்பொருளை எழுதினார். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி, பிறகு அதற்கு 'சாம்பா' என்று பெயர் வைத்தார். இன்று லினக்ஸ் கணினிகளும் வட்டுப் பெட்டிகளும் விண்டோஸோடு பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் அதன் தயவில். அவர் ஒரு மொழியையே கவனித்துக் கற்றார். நாம் ஐந்து கேள்வி கேட்டால் போதும்.

டெக்னீஷியன்களுக்கு ஒரு வார்த்தை. கால் மணி நேரக் கூலியில் ஐந்து கேள்வி கேட்க நேரமில்லை என்பது நியாயம்தான். சோதித்துப் பார்க்க ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணையுங்கள், தப்பில்லை. அதுவும் ஒரு கேள்விதான். பதில் கிடைத்ததும் திரும்ப இயக்கிவிட்டு எழுந்திருங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "சரியாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதை மாற்றினீர்கள் தம்பி?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைப் பாக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நின்றதற்குக் காரணம் கரண்ட் கட். மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் எண்களை மறுபடி பங்கிட்டது; குறுக்குவழியில் எழுதி வைத்திருந்த எண் யாருடைய செல்போனுக்கோ போய்விட்டது. ரூட்டரில் அந்தக் கணினிக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினேன். பிறகு எஸ்எம்பி 1-ஐ எடுத்தேன். ஃபயர்வாலையும் பாஸ்வேர்டையும் திரும்ப இயக்கினேன். 'எவ்ரிஒன்' இருந்த இடத்தில் ஒரே ஒரு கணக்கின் பெயரை எழுதினேன். எல்லாப் பூட்டும் பூட்டியாகிவிட்டது. முதல் நாள் எது சிக்கியிருந்தது என்று அப்போதுதான் தேடினேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் புது மோடம் போட்டிருந்தோம். மேசைக் கணினி அந்த வலையைப் பப்ளிக் என்று குறித்து வைத்திருந்தது. பிரைவேட் என்று மாற்றினேன். அன்று மாலையே கல்யாண வீடியோ அடுத்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது.